கோபத்துக்குப் பிறகு ஒரு வரி

பழைய வண்ணாரப்பேட்டை
12.11.2024

யசோதரா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் ஜஸீமாவின் அத்தா மதார் சாகிப் எழுதுவது. போனில் பேசலாம் என்றால் உங்கள் நம்பரைத் தரக்கூடாதாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். நாங்கள் கட்டைவிரல் காட்டலாம், அவ்வளவுதான். நேரில் வரலாம் என்றால் நான் வள்ளூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். காலையில் பஸ் ஏறினால் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் திரும்புவேன். அதனால் காகிதம். ஜஸீமாவின் தமிழ் நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நேற்று அவளுடைய தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். கடிதம் எழுதும் கேள்விக்கு ஐந்துக்கு ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில் 'இன்னும் நன்றாக எழுதலாம்.' பழைய தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் ஐந்துக்கு ஒன்று, 'இன்னும் நன்றாக எழுதலாம்.' காலாண்டில் ஒன்றரை, 'முயற்சி செய்.' அந்த அரை எதற்கு ஏறியது, இப்போது எதற்கு இறங்கியது?

அவளையே கேட்டேன். "நல்லா எய்துன்னு போட்டுகீறாங்களே, நல்லான்னா இன்னாமா?"

"தெர்லத்தா."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, புக்கப் பாருன்னுவாங்க."

நல்லது எது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்ல மாட்டார், தெரியாதவருக்கு மார்க்கு குறையும். இது என்ன கண்ணாமூச்சி? சம்பளம் மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதல்லவா? என் பிள்ளை மக்கு இல்லை. மூன்று வருடம் முன்னால் மிக்ஸி ரிப்பேர் ஆனபோது யாரும் சொல்லித் தராமல் பிரித்து மாட்டியவள். அவளை மக்கு ஆக்குவது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் நல்லாவா இருக்கிறது?

இப்படிக்கு,
மதார் சாகிப்


ராயபுரம்
13.11.2024

மதார் சாகிப் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னைத் திட்டுகிறீர்கள் என்பது முதல் முறையே புரிந்தது. வேறு என்ன வேண்டும் என்பது மூன்றாவது முறையும் புரியவில்லை.

உங்களுக்கு ஒரு பிள்ளை. எனக்கு இந்த வகுப்பில் மட்டும் நாற்பத்தெட்டு. மொத்தம் ஐந்து வகுப்பு. ஒரு தேர்வு முடிந்தால் இருநூறுக்கு மேல் தாள் என் வீட்டு மேசையில் ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் வியாக்கியானம் எழுதினால் அடுத்த தேர்வு வந்துவிடும். சம்பளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். எனக்கும் நாலு வார்த்தை நன்றாகவே வரும். பேனா கையில் இருப்பதால் விடுகிறேன்.

கண்ணாமூச்சி ஒன்றும் இல்லை. பாடநூலில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் கற்றல் நோக்கம் அச்சாகியிருக்கிறது. 'அலுவலகக் கடிதம் எழுதும் திறன் பெறுதல்.' ஜஸீமாவை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

யசோதரா


பழைய வண்ணாரப்பேட்டை
18.11.2024

யசோதரா டீச்சர்,

படித்தோம். நானும் அவளும் அவள் அம்மா அஜீசாவும் மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். 'திறன் பெறுதல்.' பெற்றால் எப்படி இருக்கும் என்று அதில் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாய்லர் குழாயை ஒட்ட வேண்டுமானால் முதலில் டெஸ்ட் கொடுக்க வேண்டும். டெஸ்டுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் மேசைமேல் இரண்டு குழாய்த் துண்டு வைப்பார். இரண்டும் யாரோ ஒட்டி, நடுவில் அறுத்தது. ஒன்று பாஸ் ஆனது. மற்றது தள்ளுபடி ஆனது. கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவிப் பார்க்கலாம். "இத்த மாரி உள்ள வரைக்கும் உருகி எறங்கிருந்தா நீ உள்ள. இத்த மாரி ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாக்கூட வூட்டுக்குப் போ." அவ்வளவுதான் பேச்சு. பிறகு நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காரும்போது எனக்கே தெரியும், வருகிறதா வரவில்லையா என்று. ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு இன்ஸ்பெக்டரும் என் குழாயில் 'இன்னும் நன்றாக ஒட்டலாம்' என்று எழுதியதில்லை. எழுதியிருந்தால் இந்நேரம் பாய்லர் வெடித்திருக்கும்.

சம்பளத்தைப் பற்றி எழுதியது தப்பு. அஜீசா அதற்காக என்னை இரண்டு நாள் பேசிவிட்டாள்.

மதார் சாகிப்


ராயபுரம்
3.1.2025

மதார் பாய்,

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. அரையாண்டுத் தேர்வு. இரண்டு செய்தி இருக்கிறது. இரண்டும் நல்லதில்லை.

உங்கள் குழாய்க் கதை எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் மண்டையை விட்டுப் போகவில்லை. சரி, நோக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் பார்ப்போமே என்று தினமும் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் எழுதிப் போட்டேன். நோட்டில் எழுதச் சொன்னேன். பாடம் தொடங்கும் முன் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அரையாண்டுத் தாளைத் திருத்த எடுத்தேன். உங்கள் பக்கத்து வீட்டு மகிழினி தன் கடிதத்தை இப்படித் தொடங்கியிருக்கிறாள்: 'இக்கடிதத்தின் முடிவில் மாணவர் அலுவலகக் கடிதம் எழுதும் திறன் பெறுவார்.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கையெழுத்து மட்டும். பத்தொன்பது பேர் இதையே எழுதியிருக்கிறார்கள். நோக்கத்தை மனப்பாடம் செய்யவைத்த முதல் ஆசிரியை நானாகத்தான் இருப்பேன்.

ஜஸீமா அப்படி எழுதவில்லை. பள்ளித் தெருவில் தேங்கிய மழைநீரை அகற்ற மாநகராட்சிக்கு எழுதச் சொன்னால், அவள் தெருவிளக்கு கேட்டு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாள். 'மேதகு', 'தாழ்மையினும் தாழ்மையாக', 'தங்கள் பொற்பாதங்களை' எல்லாம் இருக்கிறது. மழைநீர் இல்லை. ஐந்துக்குப் பூஜ்யம். தமிழில் மொத்தம் முப்பத்தொன்று. இவ்வளவு பழைய மொழியை யார் சொல்லிக் கொடுத்தது?

அடுத்த செய்தியை யாரும் உங்களிடம் இப்போது சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். தலைமையாசிரியர் கோதண்டம் சார் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு பெயரைப் பட்டியல் எடுத்திருக்கிறார். 'பார்டர் பிள்ளைகள்' என்கிறார். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இவர்களை டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்வது திட்டம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுவது இப்படித்தான். அதில் ஜஸீமா பெயரும் மகிழினி பெயரும் இருக்கிறது.

யசோதரா


பழைய வண்ணாரப்பேட்டை
6.1.2025

யசோதரா டீச்சர்,

சொல்லிக் கொடுத்தது நான்தான்.

டெஸ்ட் பீஸ் நீங்கள் காட்டவில்லை, நானே காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். தாலுகா ஆபீஸ் வாசலில் சௌக்கத் அலி என்று ஒருவர் முப்பது வருடமாக மனு எழுதுகிறார். "இருக்கறதுலயே நல்ல மனுவா ஒண்ணு எய்திக் குடு மாமு" என்றேன். "இதப் போட்டா கலெக்டரே எய்ந்து நிப்பாரு பாய்" என்று எழுதிக் கொடுத்தார். தெருவிளக்கு மனு. தினமும் வேலை விட்டு வந்ததும் அவளை எதிரில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு வார்த்தை தவறினாலும் முதலிலிருந்து. அவள் இரண்டு தடவை கேட்டாள், "அத்தா, நம்ம தெருல வெளக்கு எரியுதே?" நான்தான் அதட்டினேன், "வாய மூடு, நல்லா கீது, அப்டியே எய்து." பூஜ்யம் எனக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

அது கிடக்கட்டும். டிசி என்றால் என்ன டீச்சர்? ஒன்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையைப் பேனர் அழுக்காகிவிடும் என்று வெளியே தள்ளுவதா? இந்த ஏரியாவில் பத்தாவதுக்கு முன்னால் வெளியே வந்த பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்பார்கள். அப்புறம் தையல் கம்பெனி, அப்புறம் மாப்பிள்ளை. ஜஸீமாவை அந்த வழியில் விட மாட்டேன். அந்த பார்டர் எத்தனை? நாற்பதா, ஐம்பதா? நம்பரைச் சொல்லுங்கள், அதற்கு மேலே ஏற்றிக் காட்டுகிறேன்.

மதார் சாகிப்


ராயபுரம்
21.1.2025

மதார் பாய்,

பார்டர் எத்தனை என்று எனக்கும் தெரியாது. சாரிடம் கேட்டேன். "அனுபவத்துல தெரியும் டீச்சர்" என்றார். எனக்கு உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உங்கள் இன்ஸ்பெக்டரைப் போல மேசைமேல் நான்கு கடிதம் வைத்தேன். யார் எழுதியது என்று தெரியாதபடி பெயரை மறைத்து நகல் எடுத்து, குழுவுக்கு ஒரு கட்டு. ஒன்று போன வருட மாணவி எழுதியது. ஒன்று ஜஸீமாவின் தாளிலிருந்து சௌக்கத் அலி பாயின் தெருவிளக்கு. ஒன்று நானே எழுதிய மாதிரிக் கடிதம். நான்காவது, நவம்பரில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். 'இதை ஒரு அதிகாரி படித்தால் எழுந்து போய் ஏதாவது செய்வாரா? வரிசைப்படுத்துங்கள், காரணம் சொல்லுங்கள்' என்றேன்.

இப்படி ஒரு சத்தத்தை அந்த வகுப்பில் நான் கேட்டதில்லை. தெருவிளக்கை எடுத்த எடுப்பில் தூக்கிப் போட்டார்கள். "பாதிப் பக்கம் கும்புடு போட்டுகினே கீறாரு மிஸ், மேட்டருக்கே வர்ல." என் கடிதத்துக்கு, "தூக்கம் வருது மிஸ்." நான்தான் எழுதினேன் என்று தெரியாமல் சொன்னார்கள். உங்கள் கடிதத்தைப் படித்து நன்றாகச் சிரித்தார்கள். "யாரத் திட்றாருன்னு தெரியுது, இன்னா வேணும்னு தெர்ல" என்றாள் மகிழினி. அதே வார்த்தையைத்தான் நானும் உங்களுக்கு எழுதியிருந்தேன். முதலிடம் பழைய மாணவிக்கு. என்னுடையது மூன்று, உங்களுடையது நான்கு. தெருவிளக்கு கடைசி இல்லையா என்று கேட்காதீர்கள். அழகான கையெழுத்து என்று பாவம் பார்த்து இரண்டாமிடம் கொடுத்துவிட்டார்கள். அதை நாளைக்குச் சண்டை போட்டு மாற்ற வேண்டும்.

நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

யசோதரா


பழைய வண்ணாரப்பேட்டை
23.1.2025

டீச்சர்,

சிரிக்கவில்லை.

இதை மகிழினியிடம் கொடுத்தனுப்புகிறேன், ஏனென்றால் ஜஸீமா இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. பெயரை மறைத்தீர்கள். கையெழுத்தை எப்படி மறைப்பீர்கள்? நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. மகிழினி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து, நடந்ததைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். நாற்பத்தெட்டு பிள்ளைகள் அவள் அத்தாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவளையும் கூட உட்காரவைத்துக்கொண்டு.

டெஸ்ட் பீஸ் காட்டுங்கள் என்றேன். என்னையே அறுத்து மேசைமேல் வைத்துவிட்டீர்கள்.

நான் உங்களுக்கு எழுதினேன். உங்களுக்கு மட்டும். தள்ளுபடி ஆன குழாயைக் காட்டும்போதுகூட எங்கள் இன்ஸ்பெக்டர் ஒட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டார். அவன் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டவும் மாட்டார். இனி ஜஸீமா வருவாளா என்று எனக்குத் தெரியாது. உங்கள் சாருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மதார் சாகிப்


ராயபுரம்
24.1.2025

மதார் பாய்,

தப்பு என்னுடையது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவள் கையெழுத்தை அடையாளம் காண்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்று நடந்ததில் பாதியைத்தான் மகிழினி சொல்லியிருக்கிறாள். மீதியை ஜஸீமாவே வீட்டில் சொல்லட்டும் என்று நானும் எழுதாமல் விட்டேன். அதுவும் தப்பு. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

எல்லாரும் சிரித்தபோது உங்கள் பெண் எழுந்து நின்றாள். ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் அவள் தானாக எழுந்து நின்றது அதுதான் முதல் முறை. "சிரிக்காதீங்க. இத எய்துனவரு பொய் சொல்லல. மார்க்கு எப்ப இன்னா வந்துச்சுன்னு கரீட்டா போட்டுகீறாரு. நாலுல அது வேற எதுல கீது?" என்றாள். "கோவம் இருக்கட்டும். அதுல தப்பில்ல. கோவத்துக்கு அப்பால ஒரே ஒரு வரி, இன்னா வேணும்னு இருந்திருந்தா, இதான் ஃபர்ஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதுவரை பிள்ளைகள் சொன்னதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். யார் படிக்கப் போகிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எழுத வேண்டும். மூன்றாவது வரிக்குள் விஷயம் வர வேண்டும். எங்கே, எப்போதிலிருந்து என்று சொல்ல வேண்டும். இவை மற்றவர்கள் சொன்னது. 'கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரு வரி' என்பது ஜஸீமா சொன்னது. அட்டை இப்போது கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் நீலச் சாக்பீஸ் வாக்கியத்தை அழித்துவிட்டேன்.

அவள் சாப்பிடாமல் இருந்தது வெட்கத்தாலா, இல்லை உங்கள் கடிதத்தில் குறை சொல்லிவிட்டோமே என்ற பயத்தாலா என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு எல்லாரையும் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன்; அவள் பாதி எழுதிவிட்டு வைத்ததை இத்துடன் அனுப்புகிறேன். நான் சிவப்பு மையைத் தொடவில்லை. அட்டையோடு ஒப்பிட்டு அவளே பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அனுப்புங்கள், பாய். அவள் வரவில்லை என்றால் அந்தப் பட்டியல் எடுத்தவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

யசோதரா


பழைய வண்ணாரப்பேட்டை
22.2.2025

யசோதரா டீச்சர்,

நீங்கள் சொன்னது சரி. கேட்டேன். "ஒன்ன கொற சொல்ட்டேன்த்தா" என்று அழுதாள். அதற்குப் பிறகு நானும் கொஞ்சம் அழுதேன். அஜீசா எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுச் சோறு போட்டாள்.

ஆனால் இப்போது வீட்டில் இருக்க முடியவில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் பென்சிலோடு உட்கார்ந்துவிடுகிறாள். கேஸ் கம்பெனி நோட்டீசுக்கு இரண்டு மார்க்கு. பள்ளிவாசல் நோட்டீசுக்கு நாலு. எங்கள் கான்ட்ராக்டர் ஒரு சுற்றறிக்கை விட்டார், 'அனைவரும் ஒழுங்காகப் பணிபுரிய வேண்டும்' என்று. "ஒய்ங்குன்னா இன்னாத்தா? எத்தச் செஞ்சா ஒய்ங்கு?" என்றாள். அதையே நான் சூப்பர்வைசரிடம் கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரித் தேர்வில் தமிழ் நாற்பத்து நான்கு. கடிதத்துக்கு நான்கரை. ஓரத்தில் நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். 'எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லவில்லை, அரை அதற்குப் போனது.' இதைத்தான் டீச்சர் நான் நவம்பரிலிருந்து கேட்டேன்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். நேற்று வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார் உங்கள் சார். அரை நாள் வேலையை விட்டு வந்தேன். 'ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டிசி பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு தாள் தயாராக இருந்தது. நாற்பத்து நான்கு என்றேன். "சந்தோஷம் பாய், ஆனா பொண்ணு பார்டர்லதான் இருக்கா" என்றார். எத்தனை எடுத்தால் பார்டர் தாண்டும் என்றேன். "அதெல்லாம் நம்பர்ல சொல்ற விஷயமில்ல" என்றார். முன்பு என்றால் கத்தித் தீர்த்திருப்பேன். ஆனால் நான் கத்தினால் நாலாவது இடம்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு முன்னால் போன மகிழினியின் அம்மா மதி கையெழுத்துப் போட்டுவிட்டார். காசிமேட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கை கழுவிவிட்டு வந்திருக்கிறார். "போடச் சொன்னாரு, போட்டேன் பாய்" என்கிறார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை.

மதார் சாகிப்


ராயபுரம்
28.2.2025

மதார் பாய்,

உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, உங்கள் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. புதன்கிழமை என்னிடம்கூடச் சொல்லாமல் சார் அறைக்குப் போய் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, என் முன்னால் விசிறிப்போட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்.

'பொருள்: பத்தாம் வகுப்பில் தொடர்வது குறித்து. ஐயா, என்னைப் பார்டரில் இருப்பதாக என் அத்தாவிடம் சொன்னீர்கள். டிசம்பரில் தமிழில் 31 எடுத்தேன். பிப்ரவரியில் 44. மற்ற பாடங்களில் இந்த வருடம் எதிலும் தவறவில்லை. பார்டரைத் தாண்ட எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் எவ்வளவு படிப்பது என்றும் தெரியவில்லை. அந்த எண்ணை இந்தத் தாளின் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுத் தேர்வில் அதை எடுக்காவிட்டால் டிசி கேட்டு நானே எழுதித் தருகிறேன்.'

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?" என்றார் சார். "நான் எழுதியிருந்தா இன்னும் ரெண்டு பக்கம் வந்திருக்கும் சார். பிள்ளைங்களைக் கேளுங்க" என்றேன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். முப்பத்தைந்து என்று எழுதினால் அவள் ஏற்கெனவே தாண்டிவிட்டாள். அறுபது என்று எழுதினால், அவர் கையெழுத்தோடு அந்தத் தாள் எந்தக் கல்வி அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் புகாராகப் போகும். அரைமணி நேரம் கழித்து, "போய்ப் படிக்கச் சொல்லுங்க" என்றார். நேற்று பட்டியலில் இருந்த இன்னும் நான்கு பேர் அவரவர் மதிப்பெண்ணைப் போட்டு இதே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேசைமேல் ஐந்து தாள். ஒன்றிலும் எண் எழுதப்படவில்லை. இவர்களுடைய பெற்றோரிடம் வாங்கிய தாள்களைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். ஜஸீமா பத்தாம் வகுப்பு இங்கேதான் படிக்கிறாள்.

எனக்கு ஒரு மெமோ. 'மாணவர்களை ஒழுங்கீனத்துக்குத் தூண்டியது.' ஒழுங்கீனம் என்று எதைச் சொல்கிறீர்கள், குறிப்பிட்டுத் தெரிவிக்கவும் என்று பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

ஆறாவது தாள் வரவில்லை. அவள் அம்மா கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மகிழினி வகுப்புக்கே வரவில்லை. பக்கத்து வீடுதானே, என்ன ஆயிற்று? எல்லாரையும் சிரிக்கவைத்த பிள்ளை. அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு வகுப்பு ஓடவில்லை.

யசோதரா


அனுப்புநர்:
மதார் சாகிப்,
பழைய வண்ணாரப்பேட்டை.

பெறுநர்:
யசோதரா டீச்சர்,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு வகுப்பாசிரியை.

நாள்: 13.3.2025

பொருள்: மகிழினியைத் திரும்ப வகுப்பில் அமர்த்துவது.

டீச்சர்,

நோன்பு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னிக்கவும். இது நான்காவது தடவை எழுதுவது. முதல் மூன்றையும் ஜஸீமா நோட்டில் வைக்க மறுத்துவிட்டாள். முதலாவதில் உங்கள் சாரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது.

மகிழினி பிப்ரவரி 24 முதல் பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டில்தான் இருந்தாள், போன வாரத்திலிருந்து அம்மாவோடு காசிமேட்டுக்குப் போகிறாள். எப்படியும் அனுப்பிவிடுவார்கள், எதற்குத் தேர்வு எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நேற்று நானும் அஜீசாவும் அவள் வீட்டில் பேசினோம். மதி அம்மாவுக்குத் தான் போட்ட கையெழுத்து என்ன என்றே தெரியாது. அதில் என்ன இருந்தது என்று சொன்னோம். அதைத் திரும்பப் பெறுவதாக அவர் பெயரில் ஒரு கடிதம் இத்துடன் இருக்கிறது. எழுதியது மகிழினி. பக்கத்தில் உட்கார்ந்து அட்டையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டது ஜஸீமா. நான் வாயே திறக்கவில்லை, கதவோரமாக நின்று பார்த்தேன். நாலாவது வரியில் அந்தப் பெண் தானே நிறுத்தி, "இர்ரீ, இன்னும் இன்னா வேணும்னு போடல" என்றாள்.

நவம்பரில் உங்களுக்கு எழுதியபோது நானும் போடவில்லை. இப்போது போடுகிறேன். வரும் திங்கட்கிழமை முதல் மணியில் மகிழினி, ஜஸீமாவுக்குப் பக்கத்தில், தன் இடத்தில் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
மதார் சாகிப்